தலையணைக்குச் சேர்த்த முடி

அத்தியாயம் பதினாறு

"இது யாரோட முடி?"

"ஆட்டோட முடியா இருக்கும்."

"நம்மகிட்ட ஆடு ஏது?"

"பக்கத்து வீட்ல இருக்கே."

"பக்கத்து வீட்டு ஆட்டுக்கு நம்ம மாவுல என்ன வேலை?"

"என்னைக் கேட்டா? ஆட்டைப் போய்க் கேளுங்க."

சைதுல்லோ அந்த நீண்ட வெள்ளை முடியை ரொட்டித் துண்டிலிருந்து மெல்ல உருவி, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கீழே போடவில்லை. மனைவியிடம் நீட்டினார். விழுந்த முடி ஒவ்வொன்றையும் அவள் எடுத்து வைக்கிறவள் என்பது அவருக்குத் தெரியாதா?

ஆட்டு முடி என்று சொல்லிவிட்ட பிறகு அதை எப்படிக் கை நீட்டி வாங்குவது? சவ்ரி தேநீர் ஊற்றப் போனாள். திரும்பி வந்தபோது முடி அங்கே இல்லை. அவரும் அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

அது இரண்டு குளிர்காலத்துக்கு முந்திய பேச்சு. அன்றிலிருந்துதான் சவ்ரி மாவு பிசையும்போதும் தலைத்துணியை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தாள். பிறகு தூங்கும்போதும். பிறகு ஒரு துணிக்கு மேல் இன்னொரு துணி. இருமல் அதிகமாக இருக்கிறது, உங்கள் தூக்கம் கெடும் என்று சொல்லிப் படுக்கையைப் பின்னறைக்கு மாற்றிக்கொண்டாள். இருமல் அவளுக்கு இருந்ததே இல்லை.

குஜந்த் நகரத்தில் ஆற்றோரம் இருக்கும் அந்தத் தெருவில் சவ்ரியின் கூந்தலுக்கு நல்ல பேர் இருந்தது. கல்யாணமாகி வந்தபோது அவள் பின்னல் முழங்காலைத் தொட்டது. பின்னல் முனையில் கட்டிய வெள்ளிக் குஞ்சங்கள் நடக்கும்போது ஒலிக்கும். சத்தத்தை வைத்தே, சவ்ரி தண்ணீருக்குப் போகிறாள் என்று அடுத்த வீட்டில் சொல்வார்கள்.

அதனால்தான் தெருவில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் பின்னல் போட அவளையே அழைத்தார்கள். மணப்பெண்ணின் மெல்லிய பல பின்னல்களை அவிழ்த்து, எண்ணெய் தடவி, இரண்டாகப் பின்னிவிட வேண்டும். கடைசியில், பின்னல் போட்டவள் தன் தலைத்துணியை எடுத்துவிட்டு, தன் பின்னலை மணப்பெண்ணின் பின்னலோடு சேர்த்துப் பிடிப்பாள். வயதான பெண்கள் இரண்டையும் வெள்ளை நூலால் சுற்றி வாழ்த்துவார்கள். இவள் கூந்தல் நீளம், இவள் புருஷன் ஆயுசு, இவள் வீட்டு அடுப்பு எல்லாம் இந்தப் பெண்ணுக்கும் வரட்டும் என்று.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சைதுல்லோவின் தங்கை ஹோசியத்தின் ஒரே மகள் முனீசாவுக்குக் கல்யாணம். பின்னல் யார் போடுவது என்று யாரும் பேசிக்கூடப் பார்க்கவில்லை. மாமி சவ்ரி இருக்கும்போது என்ன பேச்சு?

சவ்ரி தயிர் தேய்த்தாள். முட்டை தேய்த்தாள். வெங்காயச் சாறு, கருஞ்சீரக எண்ணெய், செம்மறியாட்டு வால் கொழுப்பு, யாரோ சொன்ன கடுகு விழுது எல்லாவற்றையும் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தாள். கடுகில் தலை வெந்து கொப்புளம் கண்டது. அந்த எரிச்சல் தாங்காமல் குளியலறையில் அவள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான், போன வாரம், மகள் நுக்ரா கதவைத் தட்டாமல் திறந்தாள்.

பார்த்தவள் கத்தவில்லை. கதவை மூடிவிட்டு வெளியே உட்கார்ந்து அழுதாள். மறுநாளே டாக்டரிடம் நாள் கேட்டு வைத்தாள். அந்த நாள் இன்று.

*

டாக்டரம்மா முன்னால் சவ்ரி முதல் துணியை அவிழ்த்தாள். இரண்டாவது துணியின் முடிச்சில் கை நின்றுவிட்டது.

"நான் வெளிய இருக்கட்டுமாம்மா?" என்று நுக்ரா கேட்டாள்.

"நீதான் பாத்தாச்சே" என்று சவ்ரி முடிச்சை அவிழ்த்தாள்.

டாக்டரம்மா நடுத்தர வயதுக்காரி. கையில் விளக்கு வைத்த பூதக்கண்ணாடி. முடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டாள். மாதவிடாய் எப்போது நின்றது? இறைச்சி சாப்பிடுகிறீர்களா? தலை சுற்றுகிறதா? அம்மாவுக்கு இப்படி இருந்ததா? சவ்ரி ஒவ்வொன்றுக்கும், விசாரணைக்கு வந்தவள் மாதிரி, குறைந்த வார்த்தையில் பதில் சொன்னாள். அம்மா சிறு வயதிலேயே போய்விட்டாள், அவளுக்கு வயதான தலை எப்படி இருந்திருக்கும் என்று தெரியாது என்றாள்.

முன்நெற்றியில் விரலை வைத்து, இங்கே மட்டும் வேர் அதிகமாகச் செத்திருக்கிறது, என்ன செய்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டாள். வெள்ளிக் குஞ்சத்தைப் பற்றி நுக்ரா சொன்னாள். சின்ன வயதிலிருந்து இறுக்கிப் பின்னி, பிறகு முனையில் பாரமும் கட்டி இழுத்தால் நெற்றி முடி எத்தனை காலம் தாங்கும் என்று டாக்டரம்மா தலையை அசைத்தாள். சவ்ரிக்கு அது திட்டு மாதிரி இருந்தது. அந்தக் குஞ்சம் மாமியார் தந்தது.

மற்றபடி இது வயதுக்கு வருவதுதான், பெரும்பாலான பெண்களுக்கு வருவதுதான் என்றாள் டாக்டரம்மா. ரத்தத்தில் இரும்புச் சத்தும் குறைவு. அதற்கு மாத்திரை. தலைக்குச் சொட்டு மருந்து, தினமும், விடாமல். முதல் சில வாரம் இன்னும் கொட்டும், பயந்து நிறுத்திவிடக் கூடாது. கடுகை இனி சமையலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துணியை இப்படி இறுக்காமல் தளர்வாகக் கட்டுங்கள்.

"பழையபடி வருமா?" என்று சவ்ரி கேட்டாள்.

"பழையபடி வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். கொஞ்சம் புதுசா வரும், பூனை முடி மாதிரி."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நிமிர்ந்து சவ்ரியின் முகத்தைப் பார்த்தாள். ஆறு மாதமாவது ஆகும் என்றாள்.

"மருந்தை எப்ப நிறுத்தலாம்?"

"நிறுத்தினா வந்தது போயிடும்."

"அப்ப சாகற வரைக்கும்" என்றாள் சவ்ரி, விலை கேட்டுத் தெரிந்துகொண்டவள் போல.

எழுந்திருக்கும்போது மேசை மேல் கிடந்ததை அவள் பார்த்தாள். டாக்டரம்மா பிரித்துப் பார்த்தபோது உதிர்ந்த முடிகள். வெள்ளைத் துணி விரித்த மேசையில் அவை சரியாகக்கூடத் தெரியவில்லை. சவ்ரி குனிந்து, விரல் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கைக்குட்டையில் வைத்து மடித்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

டாக்டரம்மா சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் பொறுக்கி முடிக்கும் வரை காத்திருந்தாள். அவளும் இந்த ஊர்க்காரிதான்.

நுக்ராவின் முகம்தான் என்னவோ போலாகிவிட்டது.

*

திரும்பும் வேனில் அம்மாவும் மகளும் கடைசி இருக்கையில் உட்கார்ந்தார்கள். பாலம் ஏறும்போது நுக்ராவின் போன் அடித்தது. பெயரைப் பார்க்காமலே சவ்ரிக்குத் தெரிந்தது, கமோல்.

நுக்ரா முதல் கல்யாணத்திலிருந்து திரும்பி வந்து வருடங்கள் ஆகின்றன. குழந்தை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இனி எனக்கு எவனும் வேண்டாம் என்று மருந்துக் கடை வேலையும் வீடுமாக இருந்தவளைத் தேடி வந்தவன் கமோல். மனைவியை இழந்தவன். ரஷ்யாவில் கசான் நகரத்தில் நம் ஊர் ரொட்டி சுடும் கடை வைத்திருக்கிறான். நல்லவன். பேசும்போது எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் வரை காத்திருப்பான். அது ஒன்றே போதும் என்று சைதுல்லோவுக்கு அவனைப் பிடித்துவிட்டது.

"கல்யாணம் முடியட்டும், சொல்றேன்" என்று நுக்ரா போனில் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். "இல்ல, வேண்டாம்னு சொல்லல. கொஞ்சம் பொறுங்கன்னுதான் சொல்றேன்."

போனை வைத்ததும் சவ்ரி சொன்னாள், "சரின்னு சொல்லிட வேண்டியதுதானே. எவ்வளவு நாள்தான் அந்தப் பையனைக் காக்க வைப்பே."

"நாப்பது வயசு பையன்."

"காத்திருந்தா அம்பது ஆயிடும்."

"என்னை ஊரை விட்டு அனுப்பறதுல உங்களுக்கு என்னம்மா இவ்வளவு அவசரம்?"

சவ்ரி வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. கமோலின் பேச்சு வந்த நாளிலிருந்து அது அங்கேயே இருக்கிறது. நுக்ராவுக்குத் தேநீர் கொடுக்கும்போது, அவள் துணி மடிக்கும்போது, வாசலில் செருப்பைத் தேடும்போது என்று எத்தனையோ தடவை ஆரம்பித்து விழுங்கியிருக்கிறாள். கேட்டால் மகள் சரியென்று தலையை ஆட்டிவிடுவாள். அதுதான் பயம். மறுக்கத் தெரியாத பெண்ணிடம் எதையும் கேட்கக் கூடாது.

"சன்னலைச் சாத்து, காத்து அடிக்குது" என்றாள்.

நுக்ரா சன்னலைச் சாத்தினாள். பிறகு, நீங்கள் வீட்டுக்குப் போங்கள், நான் கடைத்தெருவில் ஒரு சாமான் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று பாதி வழியில் இறங்கிக்கொண்டாள்.

*

வீட்டில் யாரும் இல்லை. சைதுல்லோ தங்கை வீட்டில் கல்யாண அடுப்புக்கு விறகு வெட்டிக் கொடுக்கப் போயிருந்தார்.

சவ்ரி பின்னறைக்குப் போய் அலங்கார இரும்புப் பெட்டியைத் திறந்தாள். மேலே போர்வைகள், அவற்றின் கீழே தனக்கென்று எடுத்து வைத்திருக்கும் வெள்ளைத் துணி, அதன் கீழே பை.

எங்கள் பக்கத்துப் பெண்களில் பலர் இதைச் செய்வதுண்டு. முதன்முதலில் சீப்பு பிடித்த வயதிலிருந்து, சீப்பில் வரும் முடியைச் சுருட்டி ஒரு பையில் போட்டு வருவார்கள். போகிற நாளில் அதைத் திணித்துத் தலையணை செய்து, குழிக்குள் தலைக்கு அடியில் வைப்பார்கள். வரும்போது கொண்டு வந்ததும் இங்கே வளர்ந்ததும் ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும்.

கைக்குட்டையில் இருந்ததைப் பையில் போடுவதற்காகச் சவ்ரி கை விட்டாள். கை பையின் அடித்துணியைத் தொட்டது.

பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். போர்வைகளை உதறினாள். பையை உள்புறம் வெளியே திருப்பினாள். தையலில் சிக்கியிருந்த சில கருப்பு இழைகள் மட்டும் இருந்தன.

அவள் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தபோது நுக்ரா வந்தாள். கையில் காகிதப் பொட்டலம். முகத்தில், பிறந்த நாள் பரிசை மறைத்துக் கொண்டு வரும் பெண்ணின் சிரிப்பு. பெட்டி திறந்து கிடந்ததைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள். பொட்டலத்தைப் பிரித்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

இரண்டு பின்னல்கள். நீளமாக, கனமாக, பளபளவென்று கருப்பாக. மேல் முனையில் கொக்கியும் மெல்லிய வலையும் வைத்துத் தைத்திருந்தது. தலைத்துணிக்குக் கீழே மாட்டிக்கொள்ளலாம், துணியை எடுத்தாலும் நெற்றிப் பக்கத்தை அகலமான ஒரு பட்டையால் மறைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்று நுக்ரா வேகமாகச் சொன்னாள். கடைத்தெருவுக்குப் பின்னால் பொய்முடி செய்கிறவள் ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் கொடுத்துச் செய்தது. யாருடைய முடியோ அல்ல, உங்கள் சொந்த முடி, உங்கள் தலைக்கே திரும்பி வருகிறது.

சவ்ரி ஒரு பின்னலை எடுத்து முகர்ந்தாள். சாயத்தின் நெடி அடித்தது.

"என்னோடது இந்தக் கருப்பு இல்லையே."

எல்லாம் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்று சாயம் ஏற்றிவிட்டாள் என்றாள் நுக்ரா. உள்ளே இளம் வயது கருப்பு, பிரசவத்துக்குப் பிறகு வந்த செம்பட்டை, அப்புறம் நரை என்று பல நிறத்தில் இருந்ததாம்.

சவ்ரி பின்னலைக் கையில் எடை பார்த்தாள். பையை அவள் எத்தனை வருடமாகத் தூக்கி வைத்திருக்கிறாள். பாரம் கைக்குத் தெரியும்.

"மீதி எங்க?"

நுக்ரா பொட்டலக் காகிதத்தை மடிக்க ஆரம்பித்தாள்.

"மீதி எங்க நுக்ரா?"

"சீப்பு முடியில வேரும் நுனியும் கலந்து கெடக்குமாம்மா. எல்லாத்தையும் ஒரே பக்கமா திருப்பணுமாம், இல்லேன்னா பின்னல் சிக்குப் பிடிச்சிடுமாம். பிரிக்க முடியாததை..." அவள் நிறுத்தினாள். "பிரிக்க முடியாததை அவ தூக்கிப் போட்டுட்டா. நான் போறதுக்குள்ள குப்பை வண்டி வந்துட்டுப் போயிடுச்சு."

முற்றத்தில் மல்பெரி மரத்தில் குருவிகள் சண்டை போட்டன. சவ்ரி கைக்குட்டையை எடுத்து, டாக்டரம்மாவின் மேசையில் பொறுக்கியதைத் திறந்து பார்த்து, மறுபடி மடித்தாள்.

"எதுக்கு வெச்சிருக்கேன்னு உனக்குத் தெரியும்" என்றாள். "தெரியாம எடுத்திருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"தெரிஞ்சுதான் எடுத்தேன். அதுக்கு இன்னும் எவ்வளவோ வருஷம் இருக்கும்மா. ஞாயித்துக்கிழமை முன்னாடி வருது. செத்த பிறகு தலைக்கு அடியில வைக்கறதை, உயிரோட இருக்கும்போது தலை மேல வெச்சா என்ன? நீங்க கதவைச் சாத்திக்கிட்டுத் தலையைப் பொசுக்கிக்கறதைப் பாத்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியல."

அதில் தப்பென்று சொல்ல ஒன்றும் இல்லை. அதனால்தான் சவ்ரிக்கு இன்னும் வலித்தது. திட்டுவதற்கும் வழி இல்லாமல், என் முடியை ஏன் குப்பைக்கு அனுப்பினாய் என்று கேட்பதற்கும் வாய் வராமல், அந்தப் பொய்ப் பின்னல்களைக் குழந்தையைத் தட்டுவது போலத் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் வாசலில் ஹோசியத்தின் குரல் கேட்டது.

*

ஹோசியத் நாளைக்குத்தான் வருவதாக இருந்தது. கையில் வெள்ளைத் துணி, அதற்குள் இரண்டு ரொட்டிகள். பின்னல் போட அழைக்கும் முறை அது. அழைக்கப்பட்டவள் ரொட்டியைப் பிட்டால் சம்மதம்.

சவ்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு தலைத்துணிகளையும் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"என்ன அண்ணி, இந்த வெயில்ல தலையில மூட்டை கட்டி வெச்சிருக்கீங்க?"

"உங்க அண்ணனைக் கட்டின நாள்லேர்ந்து தலையில பாரம்தான்."

ஹோசியத் சிரித்தாள். அவள் சிரித்தால் மரத்தடி மேடையே ஆடும். சமையல்காரன் அரிசியைக் குறை சொன்னது, மாப்பிள்ளையின் அம்மா போர்வைகளைத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தது, முனீசா பயத்தில் சாப்பிடாமல் இருப்பது என்று தேநீர் ஆறும் வரை பேசினாள். பிறகு குரலைத் தணித்து, ரொட்டிகளை விரிப்பின் நடுவில் அண்ணி பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"எனக்குப் பின்னினது நீங்க. என் பொண்ணுக்கும் நீங்கதான்."

சவ்ரி ரொட்டியைத் தொடவில்லை.

முனை வீட்டு மருமகளைக் கேட்கலாமே, அவளுக்கும் நீளமான பின்னல், நல்ல கை என்று சவ்ரி சொன்னாள். எனக்கு முதுகு வலிக்கிறது, அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்றாள். சொல்லச் சொல்ல ஹோசியத்தின் முகம் மாறிக்கொண்டே வந்தது. நம் தெருவில் ரொட்டியைத் திருப்பி அனுப்புவது என்றால் உறவே வேண்டாம் என்பதற்கு ஒரு படி முன்னால்.

"நுக்ரா திரும்பி வந்தப்ப நான் ரெண்டு வார்த்தை அதிகமாப் பேசிட்டேன்" என்றாள் ஹோசியத். "அதை இத்தனை வருஷம் மனசுல வெச்சிருந்து இன்னைக்குக் காட்டறீங்க. காட்டுங்க அண்ணி. என்கிட்ட காட்டுங்க. என் பொண்ணு என்ன பண்ணினா?"

"அது இல்ல ஹோசியத்."

"வேற என்ன? முதுகு வலியா? போன மாசம் மூட்டை மாவைத் தூக்கிட்டு வந்தீங்க."

சவ்ரி வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தாள். பிறகு இரண்டு துணிகளையும் அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மரத்தின் இலைகளுக்கு நடுவே வந்த வெயில் அவள் தலையில் நேராக விழுந்தது. கடுகு வெந்த இடம் இன்னும் சிவப்பாக இருந்தது. சுற்றிலும் இருந்த வெள்ளை முடியைச் சேர்த்து அவள் போட்டிருந்த பின்னல் ஒரு நாடா அளவுதான் இருந்தது.

ஹோசியத் கை நீட்டினாள். தொடுவதற்கு முன்பே கை நின்றுவிட்டது. அதைச் சவ்ரி கவனித்தாள்.

"எப்பலேர்ந்து அண்ணி?"

"ரொம்ப நாளா."

"என்கிட்டகூடச் சொல்லல." ஹோசியத் அழுதாள். உண்மையாகவே அழுதாள். அழுதுகொண்டே, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எப்படிப்பட்டவர்கள் தெரியுமா, போர்வைக்கே முகம் சுளித்தவர்கள், பின்னல் போட்டவளின் தலையைப் பார்த்தால் சகுனம் என்று என்னென்ன பேசுவார்கள், முனீசா வாழப்போகிற வீடு அது என்று சொன்னாள். எனக்கு இதெல்லாம் ஒன்றும் இல்லை அண்ணி என்றாள். சொன்னபடியே அவள் கை ஒரு ரொட்டியை எடுத்துத் துணிக்குள் வைத்துக்கொண்டது.

உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த நுக்ரா வெளியே வந்தாள். பொய்ப் பின்னல்களை அத்தையின் முன்னால் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை அம்மா இதை மாட்டிக்கிட்டு வருவாங்க. எவளும் முகம் சுளிக்க மாட்டா."

ஹோசியத் பின்னலைத் தூக்கிப் பார்த்தாள். தடவினாள். இது யாருடைய முடி என்று கேட்டாள். அம்மாவின் சொந்த முடி, சிறு வயதிலிருந்து சேர்த்தது என்று தெரிந்ததும் அவள் முகம் தெளிந்தது.

"அப்ப என்ன அண்ணி? உங்க முடிதானே? உங்க ராசி இதுலதானே இருக்கு? இதை வெச்சுக்கிட்டா மறுத்தீங்க?"

பொய்ப் பின்னலைத் தொட்ட அந்தக் கை கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தன் தலையைத் தொடாமல் நின்றதைச் சவ்ரி நினைத்தாள்.

நாளைக்குக் காலையில் வருகிறேன், இரண்டாவது ரொட்டியோடு வருகிறேன், யோசித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு ஹோசியத் போனாள். விரிப்பின் நடுவில் ஒற்றை ரொட்டி கிடந்தது. ஒற்றை ரொட்டியை நாங்கள் துக்க வீட்டுக்குத்தான் எடுத்துப் போவோம். அவசரத்தில் ஹோசியத்துக்கு அது நினைவில்லை.

*

வெயில் தாழ்ந்து முற்றம் முழுவதும் நிழலானது. நுக்ரா மருந்துப் புட்டியை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவின் பின்னால், மேடையின் மேல் படியில் உட்கார்ந்தாள். மறுப்பாள் என்று நினைத்தாள். சவ்ரி பேசாமல் தலையைக் கொடுத்தாள்.

நாடா போன்ற அந்தப் பின்னலை நுக்ரா அவிழ்த்தாள். சீப்பின் முனையால் வகிடு எடுத்து, சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, விரலால் மெல்லத் தேய்த்தாள். கொப்புளத்தின் ஓரம் வந்ததும் விரலைத் தூக்கிக்கொண்டாள்.

"குளிருது" என்றாள் சவ்ரி.

"கொஞ்ச நேரம்தான்."

இந்தத் தலையை இன்னொருவர் தொட்டு எத்தனை காலம் ஆகிறது என்று சவ்ரிக்கு நினைவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

நாளைக்கு அந்தப் பொய்முடிக்காரியிடம் மறுபடி போகிறேன், மூலை முடுக்கில் ஏதாவது கிடக்கும், தேடிக் கொண்டு வருகிறேன் என்றாள் நுக்ரா. வேண்டாம் என்றாள் சவ்ரி. அவள் கடையில் ஊர்ப் பெண்களின் முடியெல்லாம் கிடக்கும், எது யாருடையது என்று எதைக் கண்டுபிடிப்பாய்? அப்படியானால் பின்னல்களையே பிரித்துப் பையில் போட்டுவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை அத்தை வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள் நுக்ரா. அதைப் பற்றி நாளைக்குப் பேசலாம் என்றாள் சவ்ரி.

நுக்ரா அடுத்த வகிடு எடுத்தாள்.

"நான் தப்புப் பண்ணிட்டேன்மா."

"நீ என்னை உயிரோட இருக்கறவளா நெனச்சுப் பண்ணினே. நான்தான் எப்பவும் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்கேன்."

"ஏன்மா பாக்கறீங்க?"

சவ்ரி கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் நிறுத்திவிடுவாள்.

"வசந்த காலத்துல நம்ம தெரு ரஜபோட அம்மா செத்தாளே" என்றாள். "குளிப்பாட்டின பொம்பளைங்க மறுநாள் குழாயடியில நின்னு பேசினாங்க. உடம்பு எப்படி இருந்துச்சு, கால் எப்படி வீங்கி இருந்துச்சுன்னு. தலையைப் பத்தியும் பேசினாங்க. இறகு பிடுங்கின கோழி மாதிரி இருந்துச்சாம். ஒருத்தி சிரிச்சா. கெட்டவளுங்க இல்ல நுக்ரா, நம்ம தெருக்காரங்கதான். நாளைக்கு என் உடம்பையும் அவங்கதான் குளிப்பாட்டுவாங்க. நான் குடத்தை நிரப்பாமலே திரும்பி வந்துட்டேன்."

நுக்ராவின் விரல்கள் தலையில் அப்படியே நின்றன.

"அந்த வாரம்தான் கமோல் வீட்டுலேர்ந்து பேச வந்தாங்க. நல்ல பையன். நீ போகணும். எல்லார்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். இன்னைக்கு வேன்லகூட அதைத்தான் சொன்னேன். நீ போனா எனக்குச் சந்தோஷம்தான், பொய் இல்ல."

"அம்மா, என்ன சொல்ல வர்றீங்க?"

"தலையணை போனா போகட்டும். அது இல்லாமலும் மண்ணு நம்மளை வாங்கிக்கும்." அவள் நிறுத்தி, மூச்சை இழுத்து, மறுபடி ஆரம்பித்தாள். "நம்ம ஊர்ல காலையில உயிர் போனா சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுவாங்க. கசான்லேர்ந்து நீ கெளம்பி வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்."

நுக்ரா கீழ்ப்படிக்கு இறங்கி அம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். சவ்ரி இப்போதுதான் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள்.

"என் தலையை நீ கழுவணும், நுக்ரா. வேற யார் கையும் படக் கூடாது. யாரும் பாக்கக் கூடாது. அதுக்காகப் போகாதேன்னு கேக்கறேன். போகாதே."